மாடு அசை போடவில்லை, ஆடு கழிகிறது: வயிற்றுக் கோளாறை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது எப்படி

தாமிரபரணிப் பாசனத்து ஊர்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வயிற்றுக் கோளாறு வருஷத்தில் மூன்று சமயம் வரிசை கட்டி வரும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். பிசானப் பருவ அறுவடையில் களத்தில் நெல் குவிந்து கிடக்கும் நாட்கள். ஐப்பசி மழை விட்டு, காய்ந்த தரையெல்லாம் புதுப்புல் துளிர்க்கும் வாரம். "அண்ணாச்சி, மாடு தீனி எடுக்க மாட்டேங்கு, என்ன கொடுக்கட்டும்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: நேற்று அது என்ன தின்றது? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மாடு, ஆடு, எருமைக்கு வயிறு நான்கு அறை; அதில் முதலாவதான பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வைக்கோலையும் புல்லையும் புளிக்க வைத்து உடைத்துக் கொடுப்பவை அவைதான். வளர்ந்த பசுவின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே இருக்கிற கூட்டம் ஒரு தீனிக்குப் பழகியது. தீனியை ஒரே நாளில் மாற்றினால் கூட்டமே குலைந்துபோகும். இந்த அளவு தெரிந்தால் போதும், மற்றதைக் கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

## எதையும் புகட்டும் முன்

மாட்டுக்குப் பின்னால் நின்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். பெருவயிறு அங்கே தோலை ஒட்டியே இருக்கிறது. கையை முஷ்டியாக்கி அந்தப் பள்ளத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். நல்ல மாடு என்றால் உள்ளே ஏதோ மெல்லப் புரண்டு வந்து முஷ்டியை வெளியே தள்ளும், பிறகு விலகும். 2 நிமிஷத்தில் 3 தடவை தள்ளினால் வயிறு வேலை செய்கிறது. ஒன்றுகூட இல்லை என்றால் வயிறு நின்றுவிட்டது.

முஷ்டியை எடுத்ததும் அந்த இடத்தைக் கவனியுங்கள். அழுத்திய குழி அப்படியே நின்றால் உள்ளே தீனி கெட்டிப்பட்டிருக்கிறது. கையை எதிர்த்துத் தள்ளி, தட்டினால் டம் டம் என்று கேட்டால் காற்று. குலுக்கினால் தளதளவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால் தானியமோ சோறோ தின்றிருக்கிறது.

அப்புறம் சாணம்: எப்போது கடைசியாகப் போட்டது, என்ன நிறம், என்ன வாடை. காய்ச்சல் பார்க்க ஆசனவாயில் வைக்கும் சாதாரண தெர்மாமீட்டர் போதும். மாட்டுக்கு 101.5 பாரன்ஹீட் சுமார், ஆட்டுக்கு 102 முதல் 103 வரை இயல்பு. 104ஐத் தாண்டினால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அது வெறும் அஜீரணம் இல்லை.

## அறிகுறி: இடது பக்கம் உப்பி நிற்கிறது

இதில்தான் நேரம் மிக முக்கியம். உப்புசம் முற்றினால் பெருவயிறு நுரையீரலை அழுத்தி, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். பள்ளம் நிரம்பியிருக்கிறது என்றால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. முதுகெலும்புக்கு மேலே மேடாகத் தெரிந்தால், நாக்கு வெளியே தள்ளி வாயால் மூச்சு விட்டால், டாக்டருக்குப் போன் செய்துவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

மாடு ஒருக்களித்துப் படுத்திருக்கிறதா? வாய்க்காலிலோ பள்ளத்திலோ விழுந்து, காலை நீட்டிப் படுத்த மாட்டுக்கு ஏப்பம் வராது. ஏப்பம் வராவிட்டால் தானாக உப்பும். நாலு பேர் சேர்ந்து புரட்டி நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள், பின்பக்கம் வைக்கோல் கட்டை முட்டுக் கொடுங்கள். பல சமயம் வேறு மருந்தே வேண்டாம்.

எச்சில் ஒழுகுகிறதா, கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கிறதா? தொண்டையில் அடைத்திருக்கிறது. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் பனம்பழம் உதிரும் நாட்களில் இது அடிக்கடி நடக்கும். பனங்கொட்டை, மாங்கொட்டை, நறுக்காமல் போட்ட கிழங்கு, எது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும். கழுத்தின் இடது பக்கத்தைத் தடவினால் சில சமயம் கட்டி கைக்குத் தட்டுப்படும். இந்த மாட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புகட்டக் கூடாது. உள்ளே போக வழியில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். கம்பை விட்டுக் குத்தித் தள்ளினால் உணவுக்குழாய் கிழியும். இது டாக்டர் வேலை, உடனே கூப்பிடுங்கள்.

புதுப்புல், பயறுச் செடி, இளம் பச்சை நிறையத் தின்றதா? உள்ளே நுரை கட்டி, காற்று பிரிய முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கும். மாட்டை மேட்டில் முன்னங்கால் இருக்கும்படி நிறுத்துங்கள். பெருவிரல் கனத்தில் ஒரு வேப்பங்குச்சியைக் குறுக்காக வாயில் வைத்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டிக் கொம்புக்குப் பின்னால் முடியுங்கள். அது மென்றுகொண்டே இருக்கும், எச்சில் ஊறும், ஏப்பம் வரும். நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் மாட்டுக்கு 250 முதல் 300 மில்லி, ஆட்டுக்கு 50 மில்லி புகட்டினால் நுரை உடையும். இடது பள்ளத்தைக் கையால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். மெல்ல நடக்க வையுங்கள். அரை மணி நேரத்தில் ஏப்பம் வந்து வயிறு தணிய வேண்டும். தணியாவிட்டால் டாக்டர்.

புகட்டும்போது தலையை வானம் பார்க்கத் தூக்காதீர்கள். முகம் தரைக்கு இணையாக, கொஞ்சம் மேலே இருந்தால் போதும். நாக்கைப் பிடித்து இழுக்காதீர்கள். நாக்கு அசைந்தால்தான் விழுங்க முடியும். வாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்ச் செத்த மாடுகள் உப்புசத்தால் செத்த கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

யூரியா மூட்டை பக்கத்தில் இருந்ததா, உரச்சாக்கு கழுவிய தண்ணீரைக் குடித்ததா? அரை மணி, ஒரு மணி நேரத்தில் உப்புசம், நடுக்கம், தள்ளாட்டம், வாயில் நுரை. இங்கே மட்டும் சமையல் சோடா கொடுக்கவே கூடாது, நஞ்சு இன்னும் வேகமாக ஏறும். மாடு விழுங்கும் நிலையில் இருந்தால் மளிகைக் கடை வினிகர் 2 லிட்டரை நிறையக் குளிர்ந்த தண்ணீரோடு புகட்டலாம். டாக்டரை அழைத்தபடியே இதைச் செய்யுங்கள்.

இரண்டு நாளைக்கு ஒரு தடவை உப்பி உப்பித் தணிகிறதா? பிளாஸ்டிக்கோ கம்பியோ உள்ளே இருக்கலாம். கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

வயிற்றில் கத்தியால் குத்திக் காற்றை விடுவது எல்லா ஊரிலும் ஒரு பெரியவருக்குத் தெரியும். டாக்டர் ட்ரோக்கார் என்ற குழாய் ஊசியைச் சரியான இடத்தில் இறக்குவார். கத்தி கிழித்த ஓட்டை வழியே பெருவயிற்றுத் தீனி வயிற்றறைக்குள் கசிந்து, மூன்றாம் நாள் சீழ் பிடித்து மாடு போகும். அதைச் செய்யாதீர்கள்.

## அறிகுறி: சோறோ நெல்லோ தின்றுவிட்டு மந்தமாக நிற்கிறது

மாட்டுப் பொங்கல் அன்று பாசத்தில் ஆளாளுக்கு ஒரு கை பொங்கல் ஊட்டுவார்கள். கோயில் கொடை, கல்யாண வீடு முடிந்த மறுநாள் மிஞ்சிய சோற்றைத் தொட்டியில் கொட்டுவார்கள். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் அறுவடை சமயத்தில் கட்டு அவிழ்ந்த மாடு இரவில் களத்துக்குள் புகுந்துவிடும். மூன்றும் ஒன்றுதான். மாவுச்சத்து ஒரே நேரத்தில் பெருவயிற்றில் இறங்க, அமிலம் உற்பத்தி செய்யும் கிருமிகள் பெருகி மற்றவற்றைக் கொன்றுவிடும். உடம்பில் இருக்கிற தண்ணீர் எல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும்.

தின்ற உடனே ஒன்றும் தெரியாது. 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தெரியும். தீனி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும், அசை நின்றுபோகும். சாணம் தண்ணீராக, மஞ்சள் கலந்து, புளித்த மாவு வாடையோடு வரும், சில சமயம் முழு நெல் அதில் தெரியும். கண் உள்வாங்கும், நடை தள்ளாடும்.

தின்றதைக் கண்ணால் பார்த்தீர்கள், மாடு இன்னும் நன்றாக நிற்கிறது என்றால், அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். மிஞ்சிய தீனியை அகற்றுங்கள். சமையல் சோடா 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாட்டுக்குப் புகட்டுங்கள், ஆட்டுக்கு 10 முதல் 15 கிராம். ஒரு நாள் வெறும் வைக்கோல் மட்டும். தண்ணீர் விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒரேயடியாக நிறுத்துவது. அது வேண்டாம். தானியம் தின்ற முதல் சில மணி நேரம் தொட்டி தொட்டியாகக் குடிக்க விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள்.

சோடா கொடுத்தும் சாயங்காலத்துக்குள் தெளியாவிட்டால், கழிச்சல் தொடங்கிவிட்டால், தள்ளாடினால், படுத்துவிட்டால், ரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்ற வேண்டிய கட்டம் வந்துவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட மாடுகள்தான் போகின்றன. பிழைத்தாலும் சில மாடுகளுக்குக் குளம்பு அழற்சி வந்து பல நாள் நொண்டும், அதையும் டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சீமைக் கருவேல மரத்தின் காய்ந்த காயான நெத்தும் இதே வகைதான். ஆட்டுக்கு அது உயிர். அளவாகத் தின்றால் நல்ல தீவனம். கோடையில் வேறு ஒன்றும் இல்லாமல் நெத்தையே வயிறு முட்டத் தின்றால் கெட்டித்து நின்றுவிடும்.

## அறிகுறி: வயிறு உப்பவில்லை, ஆனால் தீனி எடுக்கவில்லை

முதலில் செலவில்லாத காரணங்கள். தீவனம் மாறியதா, புண்ணாக்கு பூசணம் பிடித்ததா, தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்துக் கிடக்கிறதா, வெயிலில் தண்ணீர் கொதிக்கிறதா. இவற்றைச் சரிசெய்து ஒரு வேளை பொறுங்கள்.

வாயைத் திறந்து பாருங்கள். நாக்கிலும் ஈறிலும் கொப்புளம், வாயில் நூலாக எச்சில், குளம்பிடுக்கில் புண் இருந்தால் கோமாரி. மற்ற மாடுகளிடமிருந்து பிரித்துக் கட்டி டாக்டரிடம் சொல்லுங்கள்.

கன்று போட்டு ஒரு வாரத்துக்குள் என்றால் வீட்டில் எதுவும் முயற்சி செய்ய வேண்டாம். சுண்ணாம்புச்சத்து குறைந்து விழும் பால் காய்ச்சலாக இருக்கலாம். காது சில்லென்று இருக்கும், கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருக்கும். டாக்டர் ரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றினால் கண் முன்னே எழுந்து நிற்கும், காத்திருந்தால் எழாது.

### கம்பியோ பிளாஸ்டிக்கோ உள்ளே இருக்கிறதா?

நேற்று வரை பால் சொசைட்டிக்குப் போன பால் இன்று பாதியாகிவிட்டதா? முதுகைக் கூனி, முழங்கையை விலாவை விட்டு அகற்றி நிற்கிறதா? சரிவில் இறங்கத் தயங்குகிறதா? திமிலுக்குப் பின்னால் முதுகுத்தோலை இரண்டு கையாலும் அழுத்திக் கிள்ளிப் பாருங்கள். நல்ல மாடு முதுகை உடனே கீழே தாழ்த்தும். வலியுள்ள மாடு தாழ்த்தாமல் முனகும். கம்பியோ ஆணியோ விழுங்கியிருக்கலாம். மாடு மெல்லாமல் விழுங்குகிற பிராணி. விழுங்கியது தேன்கூடு மாதிரி மடிப்புள்ள இரண்டாம் வயிற்றில் தங்கும். அதற்கு முன்னால் இதயம். கம்பி அங்கே குத்தினால் கழுத்து ரத்தக்குழாய் தடித்து நிற்கும், நெஞ்சுத் தொங்கலில் நீர் கோக்கும். அந்தக் கட்டத்தில் ஒன்றும் செய்வதற்கில்லை, அதனால் கிள்ளிப் பார்த்து முனகிய அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பிளாஸ்டிக் மெல்லக் கொல்லும். கல்யாண மண்டபத்துக் குப்பையில் வாழை இலையோடு டம்ளரும் பாலிதீன் விரிப்பும் சேர்ந்து போகிறது. சோற்று வாடைக்கு மாடு அதையும் சேர்த்தே தின்கிறது. நாளுக்கு நாள் மெலிவு, அடிக்கடி உப்புசம், குறைந்த சாணம். எந்தக் கஷாயமும் பிளாஸ்டிக்கைக் கரைக்காது. இடது விலாவைத் திறந்து எடுக்கும் அறுவை சிகிச்சைதான் வழி. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூர் டாக்டர் அங்கே அனுப்பச் சொன்னால் தயங்காதீர்கள். சாணம் இரண்டு நாளாக ஒரு துளியும் வரவில்லை என்றால் அன்றே கொண்டு போங்கள்.

## அறிகுறி: கழிச்சல்

மழைக்குப் பின் புதுப்புல் தின்ற மாட்டுக்குப் பச்சைக் கழிச்சல், ஆனால் தீனி எடுக்கிறது, காய்ச்சல் இல்லை. இரண்டு நாள் வைக்கோல் போட்டுப் பச்சையைக் குறையுங்கள். நின்றுவிடும்.

உடம்பு மெலிந்து, கீழ்த்தாடையில் நீர்ப்பை தொங்குகிறது. குளத்துக் கரையிலும் வயலோர வாய்க்காலிலும் மேய்ந்த ஆடுமாடுக்குத் தட்டைப்புழு. நத்தை வழியாக வருகிறது. எல்லாக் குடற்புழு மருந்தும் தட்டைப்புழுவைக் கொல்லாது. சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதித்து, அதற்குரிய மருந்தை எடை பார்த்துக் கொடுங்கள்.

ஆட்டுக்குக் கழிச்சலோடு காய்ச்சல், மூக்குச் சளி, கண்ணில் பீளை, வாயில் புண். ஆட்டுக்கொல்லி. சந்தையிலிருந்து வாங்கி வந்த ஆட்டோடுதான் பெரும்பாலும் பட்டிக்குள் நுழையும். மேலப்பாளையம் சந்தையில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், புது ஆட்டை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டுங்கள். நோய் வந்த பட்டிக்கு அன்றே டாக்டர் வர வேண்டும், ஏனென்றால் இது வைரஸ், நேரடி மருந்து கிடையாது. தடுப்பூசி இருக்கிறது. ஒரு தடவை போட்டால் மூன்று வருஷம் தாங்கும்.

குட்டிக்கு ரத்தம் கலந்த கழிச்சல். ஈரமான பட்டியில் வரும் ரத்தக் கழிச்சல் நோய் இது. தரையைக் காய வைத்துச் சாம்பல் தூவுங்கள், மருந்துக்கு டாக்டர்.

மந்தையில் கொழுத்த ஆடு, காலையில் நன்றாக இருந்தது, துள்ளி விழுந்து செத்தது. துள்ளுமாரி. மழை முடிந்து தளிர்ப்புல் நிறையத் தின்ற கொழுத்த செம்மறிகளைத்தான் முதலில் தாக்கும். செத்ததற்கு ஒன்றும் செய்ய முடியாது. மீதி மந்தையை உடனே அந்த மேய்ச்சலிலிருந்து காய்ந்த நிலத்துக்கு ஓட்டுங்கள். தடுப்பூசி மழைக்கு முன்பே போட வேண்டியது.

## அறிகுறி: சோளக்காட்டில் மேய்ந்து வந்து மூச்சு வாங்குகிறது

மானூர், கங்கைகொண்டான் பக்கத்து மானாவாரிக் காடுகளில், வாடிய இளஞ்சோளத்திலும் அறுத்த தூரில் துளிர்த்த மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு இருக்கும். மரவள்ளி இலையிலும் உண்டு. தின்ற சில நிமிஷத்திலேயே வேகமாக மூச்சு, வாயில் நுரை, நடுக்கம், விழுதல். வீட்டில் செய்ய எதுவும் இல்லை. டாக்டரிடம் மாற்று மருந்து ஊசி இருக்கிறது. "சோளம் தின்றது" என்ற இரண்டு வார்த்தையை முதலில் சொல்லுங்கள், அவர் அந்த ஊசியை எடுத்துக்கொண்டு வருவார்.

## அறிகுறி: கன்றுக்குக் கழிச்சல்

பால் குடிக்கும் கன்றுக்குப் பெருவயிறு இன்னும் வளரவில்லை. பால் நேராக நான்காம் வயிற்றுக்கு இறங்குகிறது. அதனால் மாட்டு மருந்து எதையும் அளவு குறைத்துக் கன்றுக்குப் புகட்டாதீர்கள். பால் அதிகமாகிவிட்டதா என்று பாருங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, 30 கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், அதையும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. பிறந்த ஓரிரு மணி நேரத்தில் சீம்பால் குடிக்காத கன்றுக்குத்தான் கழிச்சல் கடுமையாக வரும்.

கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் சரி. இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நின்றால், கண் குழிந்தால், தண்ணீர்ச்சத்து போய்க்கொண்டிருக்கிறது. பாலோடு சேர்க்காமல், வேளைகளுக்கு நடுவில் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். உறிஞ்சத் தெம்பில்லாமல் படுத்த கன்றுக்கு வாயில் ஊற்றாமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

## அறிகுறி: திடீரென்று செத்து, வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம்

இதை உப்புசம் என்று நினைத்துத் தோலுரிக்க ஆள் கூப்பிட்டுவிடாதீர்கள். அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், மனிதருக்கும் பரவும். உடம்பை அறுக்காமல், தொடாமல், நாய் நெருங்காமல் காவல் இருந்து கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

## டாக்டரைக் கூப்பிடும்போது

1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் கேட்கலாம். போனில் இவற்றை வரிசையாகச் சொல்லுங்கள்: மாடா ஆடா, வயது, சினையா, கன்று போட்டு எத்தனை நாள், கடைசியாக என்ன தின்றது, எப்போது, இடது பள்ளம் எப்படி இருக்கிறது, 2 நிமிஷத்தில் எத்தனை தடவை தள்ளியது, காய்ச்சல் எவ்வளவு, கடைசிச் சாணம் எப்போது, நீங்கள் ஏற்கெனவே என்ன புகட்டினீர்கள். கடைசிக் கேள்விக்குப் பலர் பதிலை மறைக்கிறார்கள், திட்டுவார் என்ற பயத்தில். எண்ணெயா, சோடாவா, பக்கத்து வீட்டு அத்தை சொன்ன கஷாயமா, எதுவானாலும் சொல்லிவிடுங்கள். அவர் போடப்போகும் ஊசி அதைப் பொறுத்தது. அவர் வருவதற்குள் மாட்டை நிழலில் நெஞ்சு தரையில் படும்படி வையுங்கள், கடைசியாகப் போட்ட சாணத்தில் ஒரு கை எடுத்து வாழை இலையில் மூடி வையுங்கள், கயிறு பிடிக்க இரண்டு ஆள் இருக்கட்டும்.